ரேழியில் ஐந்து மீட்டர்

ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதிப் பக்கம் அந்த வீடு. வாசலில் ஒரே கதவு, ஒரே கதவு எண், ஒரே தபால் பெட்டி. உள்ளே ஐந்து குடும்பங்கள். இந்த ஊரில் இப்படிப்பட்ட வீட்டை ஸ்டோர் என்பார்கள். வாசலிலிருந்து கொல்லை வரை ரயில் பெட்டி போல நீண்டு கிடக்கும். ஓர் அறை, அதன் மூலையில் ஒரு சமையல் மேடை, இவ்வளவுதான் ஒரு போர்ஷன். நடுவில் முற்றம். கொல்லையில் கிணறு, அதற்கு ஒரு மோட்டார், இரண்டு குளியலறை, இரண்டு கழிவறை. இவை எல்லாருக்கும் பொது.

ரேழியின் இடது சுவரில் தலைக்கு மேலே மின்வாரியத்தின் மீட்டர், முத்திரை வைத்த பெட்டிக்குள் இருக்கிறது. அதன் கீழே ஒரு மரப்பலகை. பலகையில் வரிசையாக ஐந்து சின்ன மீட்டர்கள். ஒவ்வொன்றின் மேலும் சாக்பீசில் ஓர் எண். பலகைக்குக் கீழே சுவர் முழுக்கப் பென்சில் கணக்கு. கூட்டல், கழித்தல், அடித்து எழுதியது, வட்டமிட்டது. வெள்ளையடித்தபோதுகூட அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்திருக்கிறார்கள்.

தெருவில் நின்று பார்ப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது. உள்ளே போய்வருபவர்களுக்கும் நாளடைவில் கண்ணில் படாமல் போய்விடும். ஆனால் அந்த ஐந்து குடும்பங்களும் எப்போது விளக்கைப் போடுகின்றன, எப்போது குளிக்கின்றன, எப்போது தூங்குகின்றன என்பதை அந்தப் பலகைதான் தீர்மானிக்கிறது.

*

மார்கழி. 2025 ஜனவரி 10-ஆம் தேதி சொர்க்கவாசல் திறந்தார்களே, அந்த வாரம். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து வரும் டவுன் பஸ்கள் விடியும் முன்பே நிரம்பி வழிந்தன. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் இந்தத் தீவில் அந்த நேரத்துப் பனி கண்ணுக்குத் தெரியாமல் எலும்பில் இறங்கும். இருபது டிகிரிதானே என்று வடக்கிலிருந்து வருகிறவர்கள் சொல்லலாம். நாற்பது டிகிரிக்குப் பழகிய உடம்புக்கு இருபது டிகிரி குளிர்தான். அந்த உடம்புக்கு எழுபது வயதும் ஆகி, முழங்காலில் வலியும் இருந்தால் பெருங்குளிர்.

இரண்டாம் போர்ஷனில் மூன்று மணிக்கே டியூப்லைட் எரிகிறது. கணவனும் மனைவியும் பூ கட்டுகிறவர்கள். சாத்தார வீதியில் முந்தைய நாள் இரவே வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்த பூவைப் பிரித்துப் போட்டு உட்கார்கிறார்கள். மார்கழியில் அவர்களுக்கு வேலை அதிகம். அதனால் விளக்கும் அதிகம். பேச்சு இல்லை. நாரை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. மின்விசிறியைப் போடுவதில்லை. பூ வாடிவிடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ரேழிப் பலகையில் இருக்கிறது.

ஐந்தாம் போர்ஷனில் இருமல். ஒல்லியான மனிதர், அறுபதைத் தொட்டிருப்பார். திருவெறும்பூர்ப் பக்கம் வெல்டிங் பட்டறைகளில் வாழ்நாளைக் கழித்தவர். 1960-களில் பெல் ஆலை வந்ததிலிருந்து நாட்டின் அனல் மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்துகொடுத்த ஊர் இது. அந்தக் கொதிகலன்களுக்கான உதிரிகளைச் சுற்றுவட்டாரப் பட்டறைகளில் பற்றவைத்த ஆயிரமாயிரம் கைகளில் அவருடையவையும் இரண்டு. இப்போது நுரையீரல் சரியில்லை. மூச்சுத் திணறினால் நெபுலைசரைப் போட்டுக்கொள்கிறார். பத்து நிமிடம் அந்தச் சிறிய இயந்திரம் உறுமும். முடிந்ததும் சுவிட்சை அணைப்பதோடு நிற்பதில்லை. பிளக்கையும் பிடுங்கி, வயரைச் சுற்றி வைத்துவிடுகிறார்.

மூன்றாம் போர்ஷன் மட்டும் இருட்டாக இருக்கிறது. அங்கே இருப்பவர் தனியாக வாழும் பாட்டி. கல்யாணச் சமையலுக்குக் காய் நறுக்கப் போய்க்கொண்டிருந்தவர். இப்போது அரசு தரும் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயும், எப்போதாவது மகள் அனுப்புவதும்தான் வருமானம். விழித்துத்தான் இருக்கிறார். கம்பளியைத் தோளோடு சுற்றிக்கொண்டு, கதவை ஒருக்களித்துத் திறந்து, இருட்டில் உட்கார்ந்து கோயில் பக்கமிருந்து வரும் ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். குளிப்பது இப்போது இல்லை.

*

ஏழரை மணிக்கு முற்றத்தின் மேற்குச் சுவரில் வெயில் விழுகிறது. எட்டரைக்குத் தரைக்கு இறங்குகிறது. அதற்குள் பாட்டி ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் நிரப்பி, மேலே ஒரு அலுமினியத் தட்டை மூடி, முற்றத்தில் வைத்துவிட்டார். வெயில் நகர்கிறது. அரை மணிக்கொரு தரம் வந்து வாளியைக் காலால் தள்ளி வெயிலுக்குள் கொண்டுபோய் வைக்கிறார். பத்தே முக்காலுக்குத் தட்டை எடுத்துவிட்டு விரலை விட்டுப் பார்க்கிறார். இன்னும் கொஞ்சம். பதினொன்றரைக்குக் குளியல்.

நான்காம் போர்ஷனின் இளம் தாய், இடுப்பில் குழந்தையோடு கேட்கிறாள்.

“பாட்டி, எங்க அடுப்புல ஒரு சட்டி வச்சுத் தரட்டுமா? இந்தப் பனியில ஏன் இவ்வளவு நேரம் குளிக்காம உக்காந்திருக்கீங்க?”

“வேண்டாம் கண்ணு. கேஸ் என்ன வெல விக்குது. வெயில் இருக்கு, பாத்துக்கலாம்.”

பாட்டியிடம் வாட்டர் ஹீட்டர் காயில் ஒன்று இருக்கிறது. மகள் வாங்கிக்கொடுத்தது. அட்டைப் பெட்டியோடு பரணில் கிடக்கிறது. முன்பு கொல்லையில் கல் கூட்டி, தென்னமட்டையும் பன்னாடையும் வைத்து வெந்நீர் போட்டார்கள். சுவர் கரியாகிறது என்று வீட்டுக்காரர் அதை நிறுத்தச் சொன்ன பிறகு வாங்கியது அது. ஒரு மார்கழி பயன்படுத்தியிருக்கிறார்.

காயில் எவ்வளவு மின்சாரம் குடிக்கும்? இருபது லிட்டர் தண்ணீரை இருபத்தைந்து டிகிரியிலிருந்து நாற்பதுக்குக் கொண்டுவர யூனிட்டில் மூன்றிலொரு பங்குக்குக் கொஞ்சம் மேலே போதும். முப்பது நாளைக்குப் பதினொரு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் தன் பெயரில் மின் இணைப்பு வைத்திருக்கும் ஒருவருக்கு, சிக்கனமாக வாழ்ந்தால், இந்தப் பதினொரு யூனிட்டின் விலை பூஜ்யம். ரேழிப் பலகையின் விலைப்படி யூனிட் ஒன்பது ரூபாய். மாதம் நூறு ரூபாய். ஆயிரத்து இருநூறில் நூறு ரூபாய் போனால் என்ன குறையும் என்பது பாட்டிக்கு மனப்பாடம். அதனால்தான் காயில் பரணில், வாளி முற்றத்தில்.

*

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. சைக்கிளில் வருவார். அவர் தந்தை காலத்து வீடு இது. ஓடு மாற்றியதும், கழிவுநீர்த் தொட்டி கட்டியதும், சொத்து வரி கட்டுவதும் அவர்தான். மின்வாரியக் கணக்கீட்டாளர் வந்து பெரிய மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதிவிட்டுப் போன மறுநாள், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பலகை முன் நிற்பார். காதில் பென்சில் இருக்கும்.

“மூணாம் நம்பர் நாப்பத்தொண்ணு.”

“போன தடவை முப்பத்தெட்டுதானே தம்பி?”

“மார்கழி இல்லையா பாட்டி. காலையில லைட்டு போட்டிருப்பீங்க.”

பாட்டி ஒன்றும் சொல்வதில்லை. நாற்பத்தொன்றை ஒன்பதால் பெருக்கினால் 369. முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுக்கிறார்.

மற்றவர்களுக்கும் கணக்கு ஆகிறது. ஒன்றாம் நம்பர் 96, இரண்டு 128, நான்கு 143, ஐந்து 112. ஐந்தும் சேர்ந்து 520 யூனிட். மோட்டாரும் ரேழி விளக்கும் ஓர் அறுபது. பெரிய மீட்டர் 580 காட்டுகிறது.

இந்தக் கணக்கை நிதானமாகப் போட்டுப் பார்க்கவேண்டும். 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2 ரூபாய் 25 காசுச் சலுகை மறைந்து, 101-லிருந்தே 4 ரூபாய் 50 காசு. 501-லிருந்து 8 ரூபாய். குறைவாகப் பயன்படுத்துகிறவருக்குச் சலுகை, நிறையப் பயன்படுத்துகிறவருக்குக் கூடுதல் கட்டணம். இது நியாயமான ஏற்பாடு. குளிர்சாதனம் மூன்று வைத்திருக்கிற வீடும் ஒற்றை விசிறி வீடும் ஒரே விலை கொடுக்கக்கூடாது.

ஆனால் ஐந்து ஏழைக் குடும்பங்கள் ஒரே மீட்டருக்குப் பின்னால் நின்றால், அந்த மீட்டருக்கு அவர்கள் ஒரே பணக்காரக் குடும்பம். 580 யூனிட்டுக்கு 2,590 ரூபாய் பில் வருகிறது. வீட்டுக்காரர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது: “எனக்கு ஐநூறத் தாண்டிடுது. எட்டு ரூபாய்க்கு வாங்கி உங்களுக்கு ரெண்டு ரூபாய்க்கா தரமுடியும்?” அவர் முழு பில்லுக்கும் எட்டு ரூபாய் கொடுப்பதில்லை. ஒன்பது ரூபாய் வீதம் ஐந்து போர்ஷனிலிருந்தும் சேரும் 4,680-இல் பில் போக மீதி அவரிடம் நிற்கிறது. மோட்டார் பழுது, வயரிங், வரி என்று அதற்கும் ஒரு கணக்குச் சொல்கிறார்.

இதே ஐந்து குடும்பங்களுக்கும் தனித்தனி மின்வாரிய மீட்டர் இருந்தால்? ஒன்றாம் நம்பருக்குப் பூஜ்யம். பாட்டிக்குப் பூஜ்யம். இரண்டாம் நம்பருக்கு 63 ரூபாய். நான்காம் நம்பருக்கு 97. ஐந்தாம் நம்பருக்கு 27. ஐவருக்கும் சேர்த்து 187 ரூபாய். 2024 ஜூலையில் 4.83 விழுக்காடு உயர்ந்த பிறகும் இந்தத் தொகை 200-ஐத் தொடாது. இப்போது அவர்கள் கொடுப்பதோ 4,680.

அரசு இந்த வீட்டுக்கு ஒதுக்கிய உதவி முழுதாக வந்து சேர்ந்தால், ஐந்து குடும்பங்கள் இரண்டு மாதத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும். அந்த உதவி வாசல் வரை வந்து, தலைக்கு மேலிருக்கும் முத்திரைப் பெட்டியோடு நின்றுவிடுகிறது.

*

இந்த நூறு யூனிட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 2016 மே 23-ஆம் தேதி முதலமைச்சராகப் பதவியேற்ற ஜெயலலிதா அன்றே கையெழுத்திட்ட கோப்புகளில் ஒன்று அது. 2011-இல் இதே ஸ்ரீரங்கம் தொகுதியிலிருந்துதான் அவர் சட்டமன்றத்துக்குப் போனார். ஆட்சி மாறிய பிறகும் திட்டம் தொடர்ந்தது. குடிசைகளுக்கு விளக்கு, சிறு விவசாயிகளின் பம்புசெட்டுக்கு மின்சாரம், 1990-இல் கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் அந்த மின்சாரம் என்று நீண்ட வரிசையில் வந்தது இது. மின்சாரம் என்பது காசுள்ளவர்களுக்கான வசதி இல்லை, எல்லா வீட்டுக்கும் உரிய அடிப்படை என்ற எண்ணத்தைத் தமிழ்நாடு பல பத்தாண்டுகளாகக் கட்டி வளர்த்திருக்கிறது. நான்காம் போர்ஷனில் இன்றும் சுழல்கிற மேசை விசிறி, 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் இளம் தாயின் மாமியாருக்குக் கிடைத்தது. விசிறி கிடைத்துவிட்டது. அதைச் சுழற்றும் மின்சாரத்தின் சலுகை மட்டும் கிடைக்கவில்லை.

2022 நவம்பரில் தொடங்கி 2023 பிப்ரவரி வரை மின் இணைப்போடு ஆதார் எண்ணை இணைக்கச் சொன்னார்கள். பிரிவு அலுவலகங்களில் முகாம் போட்டார்கள். படிவத்தில் உரிமையாளரா, வாடகைதாரரா என்று கேட்கும் இடம் இருந்தது. வாடகைக்குக் குடியிருந்தாலும், மின்வாரிய மீட்டர் தனியாக இருந்தவர்கள் தங்கள் ஆதாரைச் சேர்க்க முடிந்தது. பல வீட்டுக்காரர்கள் அதற்கே பயந்தார்கள். குடியிருப்பவர் பெயர் அரசுப் பதிவில் ஏறினால் நாளைக்கு வீட்டையே கேட்பாரோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு இடமில்லை என்று விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. சாக்பீஸ் எண் மீட்டர்காரர்களுக்கோ அந்தப் படிவத்தில் எழுத ஓர் இணைப்பு எண்கூட இல்லை.

*

தை பிறப்பதற்கு முன் ஒரு நாள் மின்கட்டணக் கவுண்டர் வரிசையில் ஐந்தாம் நம்பர்க்காரர் நிற்கிறார். கையில் பில் இல்லை. தன் முறை வந்ததும் குனிந்து கேட்கிறார்.

“சார், வாடகைக்கு இருக்கோம். எங்க பேர்ல தனியா ஒரு சர்வீஸ் வாங்க முடியுங்களா?”

“வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் இருக்கா?”

“கேக்கணும்ங்க.”

“வாடகை ஒப்பந்தம்?”

“எழுதலைங்க. வாய்ப்பேச்சுதான்.”

அலுவலர் பொறுமையாகவே விளக்குகிறார். சம்மதக் கடிதம் கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. முறையாகக் குடியிருப்பதற்கான சான்று வேண்டும், உறுதிப் பத்திரம் எழுதித் தரவேண்டும், வைப்புத்தொகை இரண்டு மடங்கு கட்டவேண்டும். ஐந்தாம் நம்பர்க்காரர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து வேப்பமர நிழலில் நிற்கிறார். இருமுகிறார்.

அவர் வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். சண்டை வராது. “பாக்கலாம்” என்பார். அடுத்த மூன்று மாதத்தில் மகன் கல்யாணம், வீடு வேண்டும் என்று ஒரு பேச்சு வரும். இந்த வாடகைக்கு, பஸ் நிறுத்தமும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருக்கும்படி, வேறு இடம் கிடைக்காது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுத்தில் போடச் சொல்கிறது, பதிவு செய்யச் சொல்கிறது. குடியிருப்பவரின் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தக்கூடாது என்கிறது. நல்ல சட்டம்தான். வாய்ப்பேச்சில் குடியிருப்பவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்க முடியாது.

*

அதே வாரம் ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்பு கொடுத்தார்கள். ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு. டோக்கனை முன்பே வீடுவீடாக வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த ஸ்டோருக்கு ஐந்து டோக்கன்.

பாட்டியின் கரும்பை நான்காம் நம்பர்ப் பெண் தூக்கிக்கொண்டு வருகிறாள். பூக்காரர் தன் கரும்பைத் தோளில் சாய்த்திருக்கிறார். ஐந்தாம் நம்பர்க்காரருக்கு ஒன்றாம் நம்பர்ப் பையன் உதவுகிறான். ஐந்து கரும்பும் ரேழிச் சுவரில், மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கப்படுகின்றன.

ரேஷன் கடைக்கு இந்த வீட்டில் ஐந்து குடும்பங்கள் இருப்பது தெரியும். ஐந்து குடும்ப அட்டை, ஐந்து விரல்ரேகை, ஐந்து கரும்பு. வாக்காளர் பட்டியலுக்கும் தெரியும். கேஸ் ஏஜென்சிக்கும் தெரியும், சிலிண்டர் போர்ஷன் நம்பரோடு வருகிறது. ஒவ்வொரு குடும்பத்தையும் அரசு தனித்தனியாக அறிந்து வைத்திருக்கிறது. மின்சாரச் சலுகை ஒன்றில் மட்டும் ஐந்தும் ஒன்றாகிவிடுகின்றன.

*

சித்திரை வந்தது. 2025 மே 4-ஆம் தேதி அக்னி நட்சத்திரம் தொடங்கியது. மார்கழியில் எலும்பில் இறங்கியது இப்போது ஓட்டின் வழியாகத் தலையில் இறங்குகிறது. திருச்சி வெயிலைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நாற்பது டிகிரி இங்கே செய்தியே இல்லை. மாடி வீடுகளில் குளிர்சாதனப் பெட்டிகள் ஓடுகின்றன, அவை கக்கும் அனல் சந்துக்குள் வருகிறது.

ஒரு பழைய கூரை விசிறி 75 வாட். நாளுக்கு இருபது மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்துக்குத் தொண்ணூறு. நூறு யூனிட் என்ற அளவை வகுத்தவர்கள் ஒரு குடும்பத்துக்கு வெயிற்காலத்தில் ஒரு விசிறியும் இரண்டு விளக்கும் வேண்டும் என்று அளந்துதான் கொடுத்தார்களோ என்று தோன்றும்படி அவ்வளவு சரியாகப் பொருந்துகிறது. பலகை விலையில் அந்த விசிறிக்கு மட்டும் 810 ரூபாய்.

இரவு பத்து மணிக்கு மேல் ஸ்டோரின் வாசலில் பாய்கள் விரிகின்றன. நான்காம் நம்பர்க் குழந்தைக்கு வேர்க்குரு. தாய் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள், கை ஓய்ந்ததும் மற்ற கைக்கு மாற்றுகிறாள். பாட்டி விசிறியைப் பகலில் போடுவதில்லை. ஈரத் துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ரேழித் தரையில் படுத்திருக்கிறார். நெபுலைசர் இப்போது நாளுக்கு மூன்று தடவை உறுமுகிறது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல முடிவு. வெயில் ஆளைக் கொல்லும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அதற்குப் பொருள். அப்படியானால் உயிரோடு இருக்கும்போது விசிறியைப் போட்டுக்கொள்ள வழி செய்வதும் அதே பேரிடர்ப் பணிதான்.

*

பருவம் அறிந்து கவனித்துக்கொள்வது இந்த ஊருக்குப் புதிதில்லை. கார்த்திகையில் கைசிக ஏகாதசியன்று கோயில் உற்சவர் நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாற்றுகிறார்கள். கோடையில் பூச்சாற்று உற்சவம், வெளிக்கோடை ஐந்து நாள், உள்கோடை ஐந்து நாள். குளிரும் வெயிலும் உண்டு, அவற்றுக்கு ஏற்றபடி செய்யவேண்டும் என்பது வழிவழியாக வந்த முறை. அந்த மதிலுக்குள்ளேயே வாழும் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதே கவனிப்பு கிடைக்கவேண்டும்.

குளிர் கொல்லும் நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன என்று பார்க்கலாம். பிரிட்டனில் 1997-இல் முதியவர்களுக்குக் குளிர்கால எரிபொருள் உதவித்தொகை தொடங்கினார்கள். 2024-இல் அதை மிக ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் 2025-இல் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ள முதியவர்களுக்கு மீண்டும் கிடைக்கும்படி செய்தார்கள். எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்பதில் அவர்களுக்குள் சண்டை உண்டு. ஆனால் பணம் போய்ச் சேரும் இடம் முதியவரின் வங்கிக் கணக்கு. அவர் சொந்த வீட்டில் இருக்கிறாரா, வாடகை அறையில் இருக்கிறாரா என்பது அந்தக் கணக்கில் வராது. அமெரிக்காவில் 1981 முதல் நடக்கும் எரிசக்தி உதவித் திட்டத்தில், பல மாநிலங்களில், சூடேற்றும் செலவை வாடகையோடு சேர்த்துக் கொடுப்பவர்களும் விண்ணப்பிக்க முடிகிறது.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். தில்லியில் 2019 ஆகஸ்டில் 200 யூனிட் வரை இலவசம் என்று அறிவித்தபோது இதே சிக்கல் எழுந்தது. சலுகை வீட்டுக்காரரோடு நின்றது, குடியிருந்தவர்கள் பழைய விலையே கொடுத்தார்கள். அடுத்த மாதமே வாடகைதாரர்களுக்கான மின் மீட்டர் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். வாடகைக்கான சான்றைக் காட்டினால் போதும், வீட்டுக்காரரின் தடையில்லாச் சான்று தேவையில்லை, முன்பணம் செலுத்தும் மீட்டர் தனியாகக் கிடைக்கும் என்றார்கள். கர்நாடகத்தில் 2023-இல் கிருஹ ஜோதி திட்டம் வந்தபோது வாடகைக்கு இருப்பவர்களையும் தொடக்கத்திலேயே சேர்த்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதைச் செய்யும் திறன் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் நேராகப் போடுகிறது. அதற்கான தகுதிகளில் ஒன்று, குடும்பத்தின் மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது. பணத்தை ஆளிடம் சேர்க்கும் வழியும், மின்சாரக் கணக்கை வைத்துத் தேவையை அளக்கும் வழியும் ஏற்கனவே அரசின் கையில் இருக்கின்றன.

*

ஆகவே கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்போம்.

நூறு யூனிட் சலுகை குடும்ப அட்டையைப் பார்த்துக் கிடைக்கட்டும். ஒரு மீட்டருக்குப் பின்னால் ஐந்து அட்டை இருந்தால் அந்த மீட்டருக்கு ஐந்து நூறு. கட்டணப் படிகளையும் அதேபோல ஐந்தால் விரித்துக் கணக்கிட்டால், கூட்டாகக் குடியிருக்கும் ஏழைகள் பணக்காரர் விலை கொடுக்கவேண்டியதில்லை. வீட்டுக்காரருக்கும் ஐந்நூறைத் தாண்டும் கவலை இல்லை. அப்படிச் செய்த பிறகு, வாரியம் வாங்கும் விலைக்கு மேல் உள்மீட்டருக்கு வாங்கக்கூடாது என்று உறுதியாகச் சொல்லலாம்.

அது உடனே முடியாதென்றால், உள்மீட்டர்க் குடும்பங்களுக்கு நூறு யூனிட்டின் மதிப்பைப் பணமாகக் கொடுக்கட்டும். 2022 கட்டணப்படி 450 ரூபாய், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. பாட்டியின் 369 ரூபாய்க்கு அது போதும். காயிலைப் பரணிலிருந்து இறக்கவும் கொஞ்சம் மிஞ்சும்.

தனி இணைப்பு கேட்பவரிடம் ஒப்பந்தமும் இரட்டை வைப்புத்தொகையும் கேட்பதற்குப் பதில், அந்த முகவரியில் உள்ள குடும்ப அட்டையையே குடியிருப்புச் சான்றாக ஏற்கலாம். அதனால் வீட்டின் மேல் எந்த உரிமையும் வராது என்று படிவத்திலேயே அச்சிட்டுக் கொடுத்தால் வீட்டுக்காரரின் பயமும் தீரும்.

பொங்கல் தொகுப்பின் டோக்கன் அந்த ரேழிக்குள் வந்து ஐந்து கதவையும் சரியாகத் தட்டியது. யாரும் விடுபடவில்லை, யாரிடமும் வீட்டுப் பத்திரம் கேட்கப்படவில்லை. அதே பட்டியலை மின்வாரியம் கையில் வாங்கிக்கொண்டால் அடுத்த மார்கழிக்குள் இந்த வேலை முடிந்துவிடும். முடித்தாகவேண்டும். எழுபது வயதுக்காரர் ஒரு வாளி வெந்நீருக்காகப் பதினொன்றரை மணி வரை வெயிலுக்குக் காத்திருப்பதை, அவருக்கென்று ஏற்கனவே ஒதுக்கிய மின்சாரம் அதே வீட்டு வாசலில் இருக்கும்போது, நாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாது.